கோலா மீன், பென்குயின் குப்பைத்தொட்டி, ஒரு பைக்: தவளக்குப்பம் பக்கத்துப் பைபர் பட்டறையில் 47 நாள்

பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது தவளக்குப்பத்துக்குச் சற்று முன்னால் கடல் பக்கம் ஒரு தெரு பிரியும். அதில் கொஞ்ச தூரம் போனால் வாயைப் பிளந்துகொண்டு ஆறேழு பென்குயின்கள் வரிசையாக நிற்கும். பூங்காவிலும் பள்ளிக்கூடத்திலும் வயிற்றில் 'என்னைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் குப்பைத்தொட்டிப் பென்குயின்கள்தான். வேறு அடையாளம் தேவையில்லை. எதிர்காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்து வாங்க இந்த ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நான் பதினோரு முறை அங்கே போய்வந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 26 வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பைக் பற்றி எனக்குத் தெரிந்தது என் ஸ்கூட்டருக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது வரைதான். தம்பி மகன் வெளியூரில் வடிவமைப்புப் படிப்பு, கடைசி வருடம். 2050-ல் ஓடப்போகிற ஒரு பைக்கை நிஜ அளவில் மாதிரியாகச் செய்து நிறுத்த வேண்டுமாம். ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். இயற்கையிலிருந்து வடிவம் எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "அத்தை, உங்க சப்ஜெக்ட்தான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு வந்து இறங்கினான்.

இந்த வேலைக்குச் சென்னையில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்களாம். எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாதான் இந்தப் பட்டறையைச் சொன்னார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. கூடவே பைபரில் கை தேர்ந்தவர்களும் பெருகினார்கள். படகு வேலை இல்லாத நாளில் ஐஸ் பெட்டி செய்வார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போடுவார்கள், ஓட்டல் வாசலுக்குக் கும்பிடு போடும் பொம்மை செய்வார்கள். பென்குயினும் செய்வார்கள்.

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடம் கடலுக்குப் போனவர், முழங்கால் கெட்ட பிறகு பட்டறைக்கு வந்தவர். பையன் கொண்டுபோன வரைபடத்தைப் படகின் அடிப்பாகத்தின் மேல் விரித்தான். மீன்கொத்தி போல நீண்ட மூக்கு, பக்கவாட்டில் ஆறு துடுப்பு, பின்னால் குளவிக் கொடுக்கு. மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு துடுப்பின் மேல் விரலை வைத்தார்.

"இது எதுக்கு தம்பி?"

"லுக்குக்குண்ணே."

"இது?"

"அதுவும்…"

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். "செஞ்சுடலாம். பென்குயின் கூடத்தான் செய்யறோம். எதுக்குன்னு தெரிஞ்சா வேலை நல்லா வரும், அதான் கேட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். 26 வருடமாக நான் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி அது. அலகு எதற்கு? நகம் எதற்கு? வால் எதற்கு?

அடுத்த பத்து நாள் எங்கள் வீட்டு ஹால் சுவர் முழுக்கப் பைக் படங்கள். (உடனே மயில் வாகனம், மூஷிக வாகனம் என்று ஆரம்பிக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.) ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினான். நான் மதிப்பெண் போட்டேன்.

ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் பொரி வல்லூறு. சுசுகி அந்தப் பெயரில் ஒரு பைக்கை 1999-ல் கொண்டுவந்தபோது அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தப் பறவையும் மேலிருந்து இரையின் மேல் விழும்போது 300-ஐத் தாண்டும். பெயர்ப் பொருத்தம் சரி, உடம்புப் பொருத்தம்? வல்லூறு பாயும்போது இறக்கையை உடலோடு ஒட்டி, நீர்த்துளி போல ஆகிவிடும். வண்டியின் மூக்கும் உருண்டைதான், இருக்கைக்குப் பின்னால் ஒரு திமில் வேறு. ஓட்டுபவன் குனிந்து படுத்தால் அவன் முதுகு மூக்கையும் திமிலையும் ஒரே வளைவாகச் சேர்த்துவிடுகிறது. அதாவது பறவையின் பாதி உடம்பு வண்டி, மீதிப் பாதி ஓட்டுபவன். நிமிர்ந்து உட்கார்ந்தால் போச்சு. முகத்தை வல்லூறாகச் செதுக்காமலே வல்லூறின் வேலையைச் செய்திருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பது போட்டேன்.

அதே நிறுவனம் அதற்கும் முன்னால், 1985-ல், டோக்கியோ கண்காட்சியில் வைத்த மாதிரி வண்டிக்கு ஃபால்கோரஸ்டிகோ என்று பெயர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபால்கோ ரஸ்டிகோலஸ் என்பது வடதுருவப் பக்கத்துப் பெரிய வல்லூறின் அறிவியல் பெயர். வண்டியில் தேடினால் பறவை எங்கும் இல்லை. முன்சக்கரத்தைப் பிடிக்க வழக்கமான ஃபோர்க் கிடையாது, பின்சக்கரத்தைப் போலவே ஒரு கை நீண்டு பிடித்திருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் அதற்கும் வல்லூறுக்கும் என்ன சம்பந்தம்? பெயருக்கு மட்டும் மதிப்பெண்.

2017-ல் யமஹா காட்டிய மோட்டராய்டு, படுத்திருக்கும் நாய் எழுவது போலத் தானாக எழுந்து நிற்கும். முதலாளியின் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ளும், கைகாட்டினால் கிட்டே வரும். உருவத்தை விட்டுவிட்டு நடத்தையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி யாராவது யோசிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிஎம்டபிள்யூ 2016-ல் தன் நூற்றாண்டை ஒட்டிக் காட்டிய வண்டியும் தானே சமநிலை பார்த்துக்கொள்ளும், அதனால் ஹெல்மெட்டே வேண்டாம் என்றார்கள். (நம் ஊர் நாய்கள் குறுக்கே ஓடுவதை அவர்கள் பார்த்ததில்லை.) ஆனால் அதில் எனக்குப் பிடித்தது சட்டம், அதாவது வண்டியின் ஃபிரேம். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே துண்டு. ஹேண்டிலைத் திருப்பினால் மூட்டு எதுவும் திரும்பாது, சட்டமே வளைந்து கொடுக்கும். மீன் திரும்புவது அப்படித்தான். மீனுக்குக் கழுத்து ஏது?

கவாசாகி 2025-ல் ஒசாகா எக்ஸ்போவில் காட்டிய கோர்லியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரே குதிரையே தான். நான்கு கால், பிளவுபட்ட குளம்பு, உள்ளே 150 சிசி ஹைட்ரஜன் எஞ்சின் மின்சாரம் செய்து கால்களுக்குக் கொடுக்கும். 2050-க்கான கனவு என்கிறார்கள். சக்கரம் ஏற முடியாத பாறையில் கால் ஏறும் என்பதால் காரணமில்லாமல் செய்த குதிரை என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு 2050 வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே தேவை.

என்னை நாற்காலியை விட்டு எழுந்து சுவர்கிட்டப் போய்ப் பார்க்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். ஏர்பஸ்ஸின் துணை நிறுவனமான ஏபிவொர்க்ஸ் 2016-ல் செய்த லைட் ரைடர். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், ஸ்கால்மலாய் என்ற அலுமினியக் கலவைத் தூளை மெல்லிய அடுக்குகளாக உருக்கி உருக்கி எடுத்த சட்டம். எடை 6 கிலோ. மோட்டார், சக்கரம் எல்லாம் சேர்த்து முழு வண்டியும் 35 கிலோ. எங்கள் வீட்டு அரிசி மூட்டையை விடச் சற்று கூட. சட்டத்தில் நேர்க்கோடே இல்லை. கிளை கிளையாகப் பிரிந்து, தேவையான இடத்தில் தடித்து, தேவையில்லாத இடத்தில் ஓட்டை விழுந்து கிடக்கிறது. எந்த விலங்கின் முகமும் அதில் இல்லை.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அவனுக்குத்தான் புரியவில்லை. மறுநாள் காலை கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பு ஒன்றை நெடுக்காக அறுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர், "டீச்சர், சூப்புக்குக் குறுக்கால வெட்டினாத்தான் நல்லது" என்றார். சூப்புக்கு இல்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தார். கழுவிக் காயவைத்து அவன் முன்னால் வைத்தேன். எலும்பின் தலைப் பகுதிக்குள்ளே கடற்பஞ்சு மாதிரி ஒரு வலை. அந்த வலையின் இழைகள் கண்டபடி போகாது, பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் ஓடும். பாரம் மாறினால் எலும்பு தன்னைத் தானே திருத்திக் கட்டிக்கொள்ளும். யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். கணினி நிரலைக் கொண்டு இதே கணக்கைப் போட்டால் வருவதுதான் அந்த ஆறு கிலோச் சட்டம். பையன் எலும்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து போய்த் தன் வரைபடத்திலிருந்து குளவிக் கொடுக்கை அழித்தான்.

மீன்கொத்தி மூக்கு மட்டும் போகவில்லை. ஜப்பான் புல்லட் ரயிலைச் சொல்லிச் சண்டை போட்டான். 1997-ல் ஓட ஆரம்பித்த 500 வரிசை ரயில் அது. சுரங்கத்துக்குள் வேகமாக நுழைந்ததும் முன்னால் இருக்கும் காற்று அமுங்கி, மறுமுனையில் வெடிபோலச் சத்தம் வந்தது. பறவை பார்க்கும் பழக்கமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு, நீரில் தெறிப்பில்லாமல் பாயும் மீன்கொத்தியின் அலகைக் கவனித்தார். 15 மீட்டர் நீள மூக்கு அப்படித்தான் பிறந்தது. எல்லாம் சரி. ஆனால் உன் பைக் எந்தச் சுரங்கத்தில் நுழையப் போகிறது? பைக்கின் பிரச்சினை வேறு. ஓட்டுபவனின் தலை, தோள், முழங்கால் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு காற்றைக் கிழிக்கின்றன. பக்கக் காற்று அடித்தால் வண்டி நகர்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சரிகிறது. இதில் எதை உன் மீன்கொத்தி தீர்க்கிறது?

மெர்சிடிஸ்காரர்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு. 2005-ல் பெட்டி மாதிரி உடம்புள்ள ஒரு மீனைப் பார்த்து 'பயோனிக்' என்ற மாதிரிக் காரைச் செய்தார்கள். கார் என்னவோ காற்றை நன்றாகவே கிழித்தது. 2015-ல் விஞ்ஞானிகள் அந்த மீனையே அளந்து பார்த்தால், அது ஒன்றும் அப்படி வழுக்கிக்கொண்டு போகிற மீன் இல்லை. பவளப்பாறை இடுக்கில் சட்டெனத் திரும்பிப் பிழைக்கிற மீன். கார் நன்றாக வந்ததற்கு மீன் பொறுப்பில்லை.

இந்த நிலையில்தான் மேஸ்திரி கோலா மீனைக் கொண்டுவந்தார். நான் இந்தப் பட்டறைக்குக் கொடுக்கும் ஐந்து நட்சத்திரத்தில் மூன்று அந்த ஒரு காலைக்கே.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாவிட்டாலும் பைபர் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. பறவைக் கோலா, அதாவது தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கிற மீன், படும் பருவம். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்து, மோல்டு மேசை மேல் வைத்தார். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மார்புத் துடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடந்தது, இருப்பதே தெரியவில்லை. நகத்தால் நெம்பி இழுத்தார். விசிறி மாதிரி விரிந்தது. கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு, கம்பி கம்பியாக எலும்பு, இடையில் கண்ணாடித் தாள் போலச் சவ்வு. விட்டார், மடிந்து போய் ஒட்டிக்கொண்டது.

"தண்ணிக்குள்ள இருக்கறப்ப இத விரிக்காது தம்பி. விரிச்சா இழுக்கும். வெளிய வந்தாத்தான் விரிக்கும். சூரை மீனும் அப்படித்தான், வேகமாப் போறப்ப முதுகுச் செட்டைய பள்ளத்துக்குள்ள மடக்கிக்கும். நீ ஆறு இறக்கை போட்டிருக்க, ஆறும் எப்பவும் விரிஞ்சே கெடக்கு."

வாலைப் பிடித்துக் காட்டினார். கோலாவின் வாலில் கீழ் மடல் நீளம், மேல் மடல் குட்டை. மீன் காற்றில் எழும்பிய பிறகும் அந்தக் கீழ் மடல் மட்டும் தண்ணீரில் தட்டித் தட்டி வேகம் கூட்டும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆனால் ஒரு கோலாவின் துடுப்பை நான் விரலால் விரித்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறு துடுப்பு இரண்டானது. ஓட்டுபவனின் முழங்காலுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்று. சாதாரணமாக ஓடும்போது உடம்போடு மடிந்திருக்கும், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் விரிந்து காற்றைத் தடுக்கும். யோசனையைக் கேட்டதும் மேஸ்திரி, "பக்கக் காத்து அடிச்சா?" என்றார். படகில் பாய் விரித்தவர் கேட்கிற கேள்வி. பையன் அதற்கு முழுப் பதில் வைத்திருக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் காற்று கூடினால் அந்தப் பக்கத்துத் துடுப்பு தானாக மடிய வேண்டும் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டான். மாதிரியில் அது நடக்காது, கையால்தான் மடக்க வேண்டும்.

இனி வேலையைப் பற்றி. இந்தப் பட்டறையின் கை சுத்தம் நிஜமாகவே பார்க்க வேண்டியது. பைபர் இழைகளை ஒட்டிப் பிடிக்கிற திரவம் ரெசின். அது இறுகுவதற்காகக் கலக்கும் கோபால்ட்டும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். மேஸ்திரி இரண்டு கேனையும் கொட்டகையின் எதிரெதிர் மூலையில் வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே ஆள் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். நம் பள்ளி ஆய்வகங்களில்கூட இந்த ஒழுக்கத்தை நான் பார்த்ததில்லை. கத்திரி வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே பைபர் இழைப் பாயான மேட்டை விரித்து ரோலர் ஓட்டிவிடுவார்கள், ஒன்பதுக்கு மேல் ரெசின் வேலை கிடையாது. மோல்டுக்கு மெழுகு தேய்ப்பதை மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்தார்கள்.

பையன் செய்த கோளாறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்து தெர்மோகோலில் முழு உருவத்தையும் செதுக்கினான். அதன் மேல் பட்டியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பூசிக் காய்ந்த பிறகுதான் ரெசின் படலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் இவன் 'சும்மா சோதித்துப் பார்க்க' வாலில் கொஞ்சம் ரெசின் தடவினான். தெர்மோகோல் ஸ்டைரீனிலிருந்து வருவது, ரெசினிலும் ஸ்டைரீன் இருக்கிறது, ஒன்று மற்றதைக் கரைத்துவிடும். டீக்கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் கோலாவின் கீழ் மடல் அடை மாவாகிக் கிடந்தது. மேஸ்திரி திட்டவில்லை. "மேல் மடல் மிச்சம் இருக்கு, பரவாயில்ல" என்றார். மூன்று நாள் வேலை போனது, அது எங்கள் கணக்கு.

அவர்கள் கணக்கும் இருக்கிறது. 25 நாளில் தருகிறேன் என்றது 47 நாளானது. காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகுக்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் பழுது பார்ப்பார்கள். வாசலில் ஒரே சமயத்தில் ஒன்பது படகு எண்ணினேன். சோறு போடுகிற படகை ஓரமாக வைத்துவிட்டு 2050-ல் வரப்போகிற பைக்கை யார் முடிப்பார்கள்? நியாயம்தான். ஆனால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். போன் செய்தால் "நாளைக்கு" என்பார், நேரில் போனால் "திங்கக்கிழமை" என்பார். கல்லூரியில் காட்ட வேண்டிய நாள் ஜூன் 10. ஜூன் 6 மாலை ஆறு மணிக்கு வண்டி கைக்கு வந்தது. அந்த நாலு நாளில் எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடியது.

இன்னொரு குறை, மூக்கில் துணி கட்டாமல் பையன்கள் கிரைண்டர் பிடிக்கிறார்கள். ரெசின் வாடை தலையைச் சுற்றவைக்கும், பைபர் தூள் கழுத்தில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். நானே கடையில் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மறுமுறை போனபோது அதில் ஒன்றை பென்குயினுக்கு மாட்டி வைத்திருந்தார்கள். அங்கே நான் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பொருளின் தரம்: மூக்கும் டேங்க் பகுதியும் அருமை. விரல் வைத்துத் தடவினால் எங்கும் மேடு பள்ளம் இல்லை, ஒளி ஒரே கோடாக வழுக்கிப் போகிறது. படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, செய்து பழகிய கை என்பது அந்த வளைவில் தெரியும். இடப்பக்கத் துடுப்பில் மட்டும் இரண்டு குறை. அவசரத்தில் முழுதாக இறுகும் முன்பே மோல்டிலிருந்து கழற்றியதால் நாலு மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டது, மடக்கினால் உடம்போடு சேராமல் லேசாகத் துருத்துகிறது. மேல்பூச்சான ஜெல் கோட்டுக்கு அடியில் ஊசிமுனை அளவுக் குமிழிகளும் இருக்கின்றன, வெயிலில் பார்த்தால் தெரியும்.

கடைசியாக அந்தக் கண். பெயிண்ட் அடிக்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். பென்குயின்களுக்கு முகம் எழுதுவதும் அவரே. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி என்று சொல்லியிருந்தோம், அழகாக அடித்தார். மீன் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை போலிருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது மூக்கின் இரண்டு பக்கமும் பெரிய வெள்ளைக் கண், கரும்பாவை, மேலே மூன்று இமை மயிர். மீனுக்கு இமையே கிடையாது, அது தனி. கீழே சிவப்பில் ஒரு சிரிப்பு. பையனுக்கு அழுகை வந்துவிட்டது. பெயிண்டர் நிஜமாகவே புரியாமல், "கண்ணு வெக்காம எப்படிங்க மீனுன்னு தெரியும்?" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். உலகத்துப் பெரிய நிறுவனங்களின் வரைபடக்காரர்களில் பாதிப் பேரும் இதைத்தானே செய்கிறார்கள்? இரட்டை விளக்கைச் சாய்த்து வைத்து, இது சிறுத்தை, இது வெட்டுக்கிளி என்கிறார்கள். இவர் கொஞ்சம் வெளிப்படையாக இமை மயிரோடு எழுதிவிட்டார். மேஸ்திரி தின்னரில் துணி நனைத்து அவரே துடைத்தார். சிரிப்பு போய்விட்டது. வலது கண் அடையாளம் தெரியாமல் போனது. இடது கண் மட்டும், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது, நீலத்துக்கு அடியில் நிழலாக இப்போதும் பார்க்கிறது.

செலவு: பேசியது 38,000 ரூபாய். கடைசியில் ஆனது 45,000. பழைய இரும்புக் கடையில் வாங்கிய சக்கரமும் ஃபோர்க்கும் தனி, 6,200. கூடின 7,000-இல் கரைந்த வாலுக்கு 2,500 என்று எழுதியிருந்தார், ஒப்புக்கொண்டேன். மீதி 'ரெசின் விலை ஏறிப்போச்சு' என்ற பொதுக்கணக்கில் போனது. சின்னத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: தடைக்காலத்தில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம், ஈரத்தில் பைபர் சரியாகப் பிடிக்காது. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். சாலையில் ஓடுகிற பைக்குக்கு உடம்பு மாற்றித் தரச் சொன்னால் செய்ய மாட்டார். நான் இருந்தபோதே ஒரு பையன் வந்து தன் வண்டிக்குச் சுறா மூக்கு கேட்டான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, நிறுவனம் செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. மேஸ்திரிக்குப் பிரிவு எண்ணெல்லாம் தெரியாது. "போலீஸ் புடிச்சா நீ என் பேரத்தான் சொல்லுவ" என்று அனுப்பிவிட்டார். ஊர்வலத்துக்கு, கண்காட்சிக்கு, கல்லூரிக்கு, கடை வாசலுக்கு என்றால் தாராளமாகப் போகலாம்.

பையன் 'நன்று' வாங்கிவிட்டான். 'மிக நன்று' வரவில்லை, பக்கக் காற்றுக் கேள்வியில் மாட்டிக்கொண்டானாம். வண்டியை வைக்க விடுதியில் இடமில்லை என்று திரும்ப என் வீட்டுத் திண்ணைக்கே அனுப்பிவிட்டான். கோலா இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. பால்காரர் பாக்கெட்டை அதன் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போகிறார். இடப்பக்கத் துடுப்பைச் சரிசெய்து தரும் வரை 1,500 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறேன். தடைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்றார் மேஸ்திரி. ஜூலையும் வந்துவிட்டது. நேற்று போன் செய்தேன். திங்கக்கிழமை என்றார்.